கடைசிப் பந்து

கூடைப்பந்தில் கடைசி அரை நிமிஷம், ஒரு புள்ளி பின்தங்கி நிற்கிறோம் என்றால், பந்து யார் கைக்குப் போகவேண்டும்? யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: அணியின் சிறந்த ஆட்டக்காரனுக்கு. இது ஆட்டத்திலிருந்து பிறந்த பதில் அல்ல என்றே எனக்குப் படுகிறது. நாயகனைத் தேடும் பழைய புராண மனசின் பதில் இது. கவிதை விமர்சனத்திலும் அந்த மனசு நம்மிடையே சௌக்கியமாக இருந்து வருகிறது. ஒரு காலகட்டத்துக்கு ஒருவன் பெயரைச் சூட்டிவிட்டால் மற்றவர்களைப் படிக்கும் சிரமம் மிச்சம்.

1982 மார்ச்சில் நியூ ஆர்லியன்ஸில் நடந்த அமெரிக்கக் கல்லூரி இறுதி ஆட்டத்தில் வட கரோலினா 61, ஜார்ஜ்டவுன் 62. வட கரோலினாவின் பெரிய கை ஜேம்ஸ் வொர்தி. அன்று 28 புள்ளி எடுத்தவன். எதிரணி உள்ளே நெருக்கும், நெருக்கினால் பக்கவாட்டில் ஒருவன் தனித்து விடப்படுவான் என்று பயிற்சியாளர் டீன் ஸ்மித் கணித்தார். தனித்து விடப்பட்டவன் முதல் வருஷ மாணவன், மைக்கேல் ஜோர்டான். கால் நிமிஷத்துக்குச் சற்று அதிகமோ குறைவோ மிச்சமிருக்கையில் அவன் எறிந்து 63 ஆக்கினான். இன்று அந்தப் பெயரின் கனத்தில், நாயகனுக்குத்தான் பந்து போனது என்று கதை மாறிவிட்டது. அன்று அவன் நாயகன் இல்லை, கவனிக்கப்படாதவன். (பிறகு ஜார்ஜ்டவுன் ஆட்டக்காரன் ஒருவன் தன் ஆள் என்று நினைத்து வொர்தியிடமே பந்தைக் கொடுத்தான். அதைப் பற்றி யாரும் காவியம் பாடுவதில்லை.)

கை சூடேறியவனுக்கே போடு என்பது இன்னொரு வாதம். 1985இல் கிலோவிச், வலோன், ட்வெர்ஸ்கி மூவரும் அப்படி ஒரு சூடே இல்லை, பார்ப்பவரின் மயக்கம் என்று எழுதினார்கள். 2018இல் மில்லர், சஞ்சுர்ஹோ இருவரும் அந்தக் கணக்கிலேயே ஒரு சாய்வு இருக்கிறது என்று காட்டினார்கள். விவகாரம் முடியவில்லை. ஆனால் எங்கள் ஊரில் பந்து யாருக்குப் போயிற்று என்பதற்கு இந்தச் சூடும் காரணமாக இருந்ததில்லை.

தூத்துக்குடித் துறைமுகம் 1974இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது, வ.உ.சி. பெயர் வந்து சேர 2011 ஆயிற்று. அந்த எழுபதுகளின் கடைசியில் ஊரில் ஒரு அணிக்கு நான் ஸ்கோர் நோட்டு எழுதிக்கொண்டிருந்தேன். திறந்தவெளி சிமெண்டுத் தளம். கச்சான் காற்று எழும் மாதங்களில் பந்து காற்றிலேயே திசை மாறும். அதற்குத் தக்கபடி கையைத் திருத்திக்கொள்ளத் தெரிந்தவன் ஒருவன்தான், உப்பளத்தில் வேலை செய்தவர்களின் மகன். அவன் வெறுங்காலோடு ஆடுவான். கடைசிப் பந்து எப்போதும் இன்னொருவனுக்கு. அவனுக்குக் கான்வாஸ் ஷூ இருந்தது, சொந்தமாகப் பந்தும் இருந்தது, அப்பா அதிகாரி. கடைசி நிமிஷத்தில் யார் எறிந்தான், விழுந்ததா என்று நோட்டில் தனியாக நான் குறித்துவந்தேன். ஒருநாள் அணியை நடத்தியவரிடம் அதைக் காட்டினேன். அவர் புரட்டிப் பார்த்தார். “அவனுக்குப் பதட்டம் வரும்டா தம்பி” என்றார். வந்து யாரும் பார்த்ததில்லை. வர ஒரு சந்தர்ப்பமும் தரப்பட்டதில்லை.

கூடைப்பந்தின் விதியில் ஒரு நியாயம் ஒளிந்திருக்கிறது: அடிபட்டவனே ஃப்ரீ த்ரோ எறியவேண்டும், எறிகிறவனை யாரும் பொறுக்க முடியாது. 1972 மியூனிக் ஒலிம்பிக் இறுதியில் டக் காலின்ஸ் தரையில் மோதி விழுந்து, எழுந்து வந்து இரண்டையும் போட்டான். அமெரிக்கா 50, சோவியத் 49. அந்த மூன்று வினாடியைத் திரும்பத் திரும்ப ஆடவைத்து, பெலோவ் போட்ட கூடையில் 51–50 ஆனது வேறு வழக்கு; அமெரிக்கர்கள் வெள்ளிப் பதக்கத்தைத் தொடவே இல்லை. எங்கள் பையனுக்கும் ஒரு மாலை அப்படி விதி வாய்த்தது. கடைசி வினாடிகளில் தள்ளப்பட்டான். 4.6 மீட்டர் தூரத்தில் தனியே நின்றான், காற்று நிற்கக் கொஞ்சம் பொறுத்தான், இரண்டையும் போட்டான். அடுத்த ஆட்டத்தில் கடைசிப் பந்து பழையபடி ஷூக்காரனுக்கே போயிற்று.

அரசு நடத்திய முத்துக்குளிப்பு இந்தக் கரையில் 1961இல் கடைசி. கல்லோடு இறங்குகிறவனின் கயிற்றைத் தோணியில் மச்சான்தான் பிடிப்பான் என்று இங்கே சொல்வார்கள். தன் கூடப்பிறந்தவளின் தாலி கயிற்றின் மறுமுனையில் இருக்கிறதல்லவா. மூச்சு முட்டுவது கீழே இருப்பவனுக்கு. எப்போது இழுப்பது என்ற நிர்ணயம் மேலே இருப்பவனுக்கு. பெஞ்சில் உட்கார்ந்து நிர்ணயிக்கிறவருக்கு அப்படி ஒரு முனையும் கிடையாது.

1997இல் சிகாகோவும் யூட்டாவும் 86க்கு 86 என்று நின்றபோது, உலகமே ஜோர்டான்தான் எறிவான் என்று காத்திருந்தது. அவனோ இடைவேளையிலேயே ஸ்டீவ் கெர்ரிடம் தயாராக இரு என்று சொல்லி வைத்திருந்தான். இரண்டு பேர் தன்மேல் வந்ததும் கொடுத்துவிட்டான். கெர் போட்டான்; முடிவில் 90–86. எங்கள் அணியிலும் பந்தைக் கொடுக்கும் இடத்தில் ஒருவன் இருந்தான், கெட்டிக்காரன். கடைசி நிமிஷத்தில் அவன் கண் மட்டும் பெஞ்சின் மேலேயே இருக்கும்.