ஆனையிறங்கல்

ஊர்ப் பெயர்களை வெறும் சப்தங்களாகப் பாவிக்க நாம் பழகிவிட்டோம். இடுக்கி மாவட்டத்தில், சின்னக்கானலை ஒட்டிய நீர்த்தேக்கத்தின் பெயர் ஆனையிறங்கல். யானைகள் தண்ணீருக்கு இறங்கும் இடம். அதற்குமேல் பூடகம் ஏதுமில்லை. இப்பகுதியில்தான் 2000களின் தொடக்கத்தில் கேரள அரசு நிலமற்ற ஆதிவாசிகளைக் குடியேற்றியது. 301 குடும்பங்கள்; ஆகவே 301 காலனி. இடத்தின் பெயரில் யானை இருந்தது. குடியிருப்பின் பெயரில் மனிதர் இல்லை, எண்ணிக்கைதான். கோப்புகளில் இதற்கு வழங்கும் சொல் மறுவாழ்வு.

பல குடும்பங்கள் விட்டுப் போயின. மிஞ்சியவர்களின் சுவர்களையும் ரேஷன் கடையையும் அரிசிக்காக உடைத்த ஆண் யானைக்கு அரிக்கொம்பன் என்று பெயராயிற்று. மலையாளத்தில் அரி என்றால் அரிசி. குற்றத்தையே பெயராகச் சூட்டியாகிவிட்டது. கும்கியாக்காமல் வேறு காட்டில் விடும்படி கேரள உயர்நீதிமன்றம் சொன்னதில் கருணை இருந்தது. முதலில் குறித்த பரம்பிக்குளத்தில் மக்கள் எதிர்க்கவே, 2023 ஏப்ரல் 29 அன்று மயக்க ஊசி போட்டுப் பிடித்து, கழுத்தில் ரேடியோ காலர் மாட்டி, பெரியார் புலிகள் காப்பகத்தில் விட்டார்கள். மே 27 அன்று அது கம்பத்தின் தெருக்களில் நடந்தது.

அன்று நான் கம்பத்தில் இருந்தேன். 144 தடையுத்தரவு. நாலு தெரு தள்ளி நடப்பதைக் கதவைச் சாத்திக்கொண்டு கைபேசியில் பார்த்தேன். பயமாகத்தான் இருந்தது. "பாவம், அதுக்கு வழி தெரியலப்பா" என்றாள் பக்கத்து வீட்டுப் பாட்டி. எனக்கு அப்படிப் படவில்லை. அதற்குத் தெரிந்த வழிகளெல்லாம் வேறிடத்தில் இருந்தன. அன்று காயமுற்ற ஒருவர் சில நாட்களில் இறந்துபோனார். ஜூன் 5இல் யானையை மறுபடி பிடித்து, களக்காடு முண்டந்துறையின் மேல் கோதையாற்றுக் காட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

யானையை உடனே படிமமாக்கிவிடுவது நம் கவிஞர்களுக்குக் கைவந்த காரியம். யானையின் பக்கம் நிற்பதும் சுலபம். உடைவது எழுதுபவனின் சுவர் அல்ல. வாழிடம் என்பது மரமும் நீரும் மட்டுமல்ல என்பதே எனக்கு ஸ்தூலமாகத் தெரிகிறது. எந்த மாதம் எந்த ஓடையில் தண்ணீர் கிடைக்கும், எந்தச் சரிவில் இறங்கலாம் என்ற ஞாபகமும் அதில் அடக்கம். இந்த ஞாபகத்தை லாரியில் ஏற்ற முடிவதில்லை. யானைக்கு மட்டுமல்ல, ஆதிவாசிக்கும்தான். அவர்கள் நிலம் கேட்டார்கள். எந்த நிலம் என்பதைத் தீர்மானித்தது கோப்பு. வரைபடத்தைப் பார்த்தவர்கள் அதிலிருந்த பெயரைப் படித்திருந்தால்கூடப் போதும்.