சிங்கப்பூருக்கு எந்த விமானம்? சிக்கனமா, சௌகரியமா?

எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்திலும் சரி, புதுக்கோட்டை, இராமநாதபுரம் பக்கத்திலும் சரி, சிங்கப்பூரில் சொந்தம் இல்லாத தெருவைக் காண்பது அரிது. அந்தக் காலத்தில் கப்பல்தான். 'ரஜூலா' என்று பெயரைச் சொன்னாலே பெரியவர்கள் முகம் மலர்ந்துவிடும். 1926-ல் கட்டி 1973 வரை ஓடிய கப்பல் அது. நாகப்பட்டினத்தில் ஏறினால் பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் போய்ச் சேர ஏறக்குறைய ஒரு வாரம். இப்போதோ திருச்சியில் ராத்திரி ஏறினால் சுமார் நாலு மணி நேரத்தில் சாங்கியில் இறங்கிவிடலாம்.

பிரயாணம் சுருங்கிவிட்டது. கிளம்புமுன் வரும் குழப்பம்தான் பெருகிவிட்டது! "எட்டாயிரத்துக்கு ஒரு டிக்கெட் இருக்கு, பதினஞ்சாயிரத்துக்கு ஒண்ணு இருக்கு. எதிலே போகலாம் அக்கா?" என்று அக்கம்பக்கத்தில் யார் கிளம்பினாலும் என்னிடம் வந்து கேட்கிறார்கள். என் தங்கை அங்கே குடித்தனம் செய்கிறாள். அவளுடைய இரண்டு பிரசவத்துக்கும், பிறகு அம்மாவை அழைத்துக்கொண்டும் மூன்று தடவை போய் வந்திருக்கிறேன். இரண்டு தடவை சிக்கன விமானம், ஒரு தடவை முழு வசதி விமானம். எனக்குப் புரிந்ததைச் சகோதரிகளுக்குச் சொல்கிறேன்.

விலை எப்படிக் குறைகிறது?

விலை குறைவு என்றதும் "பழைய விமானமோ, ஆபத்தோ?" என்று சிலர் பயப்படுகிறார்கள். அப்படியில்லை. பாதுகாப்பு விதிகள் இரண்டு ரகத்துக்கும் ஒன்றுதான். அமெரிக்காவில் 1971-ல் பறக்க ஆரம்பித்த சவுத்வெஸ்ட் கம்பெனி இந்தச் சிக்கன முறையைப் பிரபலமாக்கியது. மலேசியாவில் 2001-ல் டோனி ஃபெர்னாண்டஸ் ஏர்ஏஷியாவை வாங்கி இதே வழியில் நடத்தினார். நம் நாட்டில் 2003-ல் ஏர் டெக்கான் தொடங்கிய கேப்டன் கோபிநாத்தின் கதையைத் தழுவித்தான் 'சூரரைப் போற்று' படம் எடுத்தார்கள்.

சூட்சுமம் என்னவென்றால், ஒரே மாதிரி விமானங்களாக வாங்கினால் பழுது பார்க்கும் செலவு குறையும். நாற்காலிகளை நெருக்கிப் போட்டால் கூடுதல் பேரை ஏற்றலாம். தரையில் நிற்கும் நேரத்தைக் குறைத்தால் அதே விமானம் ஒரு நாளில் இன்னொரு நடை போகும். சாப்பாடு, பெட்டி, இருக்கை எல்லாவற்றையும் டிக்கெட்டிலிருந்து பிரித்துத் தனித்தனியாக விலை போட்டுவிடுவார்கள். முழுச் சாப்பாட்டுக்கும், சோறு தனி, குழம்பு தனி என்று வாங்குவதற்கும் உள்ள வித்தியாசம்தான்! சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் போன்ற பெரிய கம்பெனியே 'ஸ்கூட்' என்ற பெயரில் சிக்கன விமானமும் நடத்துகிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்.

ஒரு நோட்டுப் புத்தகக் கணக்கு

விலை நாளுக்கு நாள் மாறும். ஆகையால் கணக்குப் போடும் விதத்தை மட்டும் உதாரணத்துக்குச் சொல்கிறேன். சிக்கன டிக்கெட் 8,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கையில் கொண்டுபோகப் பெரும்பாலும் 7 கிலோதான் அனுமதி. பிரசவம் பார்க்கப் போகிறவள் 7 கிலோவோடு போக முடியுமா? சுக்கு, பூண்டு, லேகியம், பழந்துணி, இட்லிப் பொடி, அப்பளம் என்று பெட்டி தானாக 20 கிலோவுக்கு வந்துவிடும். அதற்கு ஒரு 3,000. சேர்ந்து உட்கார இருக்கைக்கு 600. சாப்பாடு, தண்ணீருக்கு 900. மொத்தம் 13,000. முழு வசதி டிக்கெட் 15,000 என்றால் அதிலேயே பெட்டி, சாப்பாடு, போர்வை எல்லாம் அடக்கம். முதலில் ஆறாயிரத்து ஐந்நூறாகத் தெரிந்த வித்தியாசம் இரண்டாயிரமாகிவிட்டது!

"அப்போ பெரிய விமானமே மேல்" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு நேரே பறப்பவை எல்லாம் சிக்கன ரகம்தான். முழு வசதி விமானம் வேண்டுமானால் சென்னைக்குப் போக வேண்டும். அல்லது கொழும்பில் இறங்கி மாற வேண்டும். தஞ்சாவூரிலிருந்து திருச்சி விமான நிலையம் ஒன்றரை மணி நேரம் கூட இல்லை. சென்னை ஆறு மணி நேரத்துக்குக் குறையாது. அந்த ரயில் செலவு, டாக்சி, வழிச் சாப்பாடு, அசதி எல்லாவற்றையும் நோட்டில் எழுதிப் பாருங்கள். தனியாகப் போகும் நல்ல தேகசுகமுள்ள பெண்ணுக்குத் திருச்சியே லாபம். என் முதல் இரண்டு பிரயாணமும் அப்படித்தான், குறை ஒன்றுமில்லை.

திருச்சி நிலையத்தில் கண்டது

திருச்சியின் புதிய முனையம் 2024-ல் திறந்தது. கோலமும் ஸ்ரீரங்கம் கோபுரமும் நினைவுக்கு வரும்படி வர்ணம் தீட்டி, பார்க்கவே லட்சணமாக இருக்கிறது. வாசலில் வேனிலும் காரிலும் வந்து குடும்பம் குடும்பமாக வழியனுப்பும் காட்சி ஒரு கல்யாண வீடு மாதிரி! ஆனால் உள்ளே எடை போடும் கவுண்டரில் வேறு காட்சி. பெட்டியைத் தரையில் திறந்து போட்டு, முறுக்கு டின்னை எடுப்பதா, மாவு மூட்டையை எடுப்பதா என்று தவிக்கும் பெண்களை ஒவ்வொரு தடவையும் பார்க்கிறேன். பெட்டிக்கு முன்கூட்டியே பணம் கட்டினால் ஒரு விலை, கவுண்டரில் கட்டினால் பல மடங்கு. ஆகையால் வீட்டிலேயே பெட்டியைத் தூக்கும் சின்னத் தராசில் நிறுத்துவிட வேண்டும்.

இரண்டாம் தடவை போனபோது என் பக்கத்து இருக்கையில் எழுபது வயதுக்கு மேற்பட்ட ஒரு பாட்டி. புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமம். பேரன் பிறந்திருக்கிறான் என்று தனியாகக் கிளம்பியிருந்தார். விமானம் மேலே ஏறி ஒரு மணி நேரம் இருக்கும். "சாப்பாடு எப்பத் தாயி கொடுப்பாக?" என்று கேட்டார். "இதிலே நாமாகக் காசு கொடுத்து வாங்கணும் பாட்டி" என்றேன். முகம் மாறிவிட்டது. "மாத்திரையப் போட்டுட்டேனே... ஏரோப்ளேன்ல சோறு போடுவாகன்னு சொன்னாகளே" என்றார். கையில் நம் ஊர்ப் பணம் ஐந்நூறு ரூபாய்தான். அதை அங்கே வாங்கமாட்டார்கள் என்று அதையும் முந்தானையில் முடிந்து வைத்திருந்தார்.

கொஞ்ச நேரத்தில் கை நடுங்க ஆரம்பித்தது. நெற்றியெல்லாம் வியர்வை. சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் இரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும் என்பது அம்மாவைப் பார்த்து எனக்குத் தெரியும். மணியை அழுத்தினேன். விமானப் பணிப்பெண் ஓடி வந்து ஆரஞ்சுச் சாறு கொடுத்தாள். என்னிடமிருந்த பிஸ்கட்டையும் தின்ன வைத்தேன். பத்துப் பதினைந்து நிமிஷத்தில் தெளிந்துவிட்டார். நான் முன்பதிவு செய்திருந்த சாப்பாட்டில் பாதியைக் கொடுத்தேன். "ஏன் பாட்டி, மகன்கிட்டே கேட்டுக்கக் கூடாதா?" என்றேன். "அவன் கஷ்டப்பட்டுச் சம்பாதிக்கிறான். நான் இது வேணும், அது வேணும்னு கேப்பேனா?" என்றார்.

மகன் கெட்டவனில்லை. அவன் அடிக்கடி போய் வருகிற வாலிபன். தனக்கு எடுப்பது போலவே தாய்க்கும் டிக்கெட் எடுத்துவிட்டான். டிக்கெட் எடுப்பவர் ஒருவர், பறப்பவர் வேறொருவர். சிக்கனமா, சௌகரியமா என்ற கேள்வியைப் பறப்பவரை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

அம்மாவோடு போனபோது

அதனால்தான் மூன்றாம் தடவை அம்மாவோடு கிளம்பியபோது சென்னைக்குப் போய் முழு வசதி விமானத்தில் ஏறினோம். "ஏண்டி, எனக்கு எதுக்கு இந்த டம்பம்?" என்று அம்மா முணுமுணுத்தது உண்மை. முதல் நாளே சென்னையில் சித்தி வீட்டில் தங்கி ஓய்வெடுத்துக்கொண்டோம். இந்த விமானங்களில் 24 மணி நேரத்துக்கு முன்பே சொல்லிவிட்டால் சர்க்கரைக்காரர்களுக்கென்று தனிச் சாப்பாடு, இந்திய சைவச் சாப்பாடு எல்லாம் கூடுதல் காசில்லாமல் கிடைக்கும். காலை நீட்ட இரண்டு மூன்று அங்குலம் இடமும் கூடுதல். மூட்டு வலிக்காரர்களுக்கு அந்த மூன்று அங்குலம் பெரிய விஷயம்!

இறங்கும் நேரத்தையும் பாருங்கள். சிங்கப்பூர் நேரம் நமக்கு இரண்டரை மணி முன்னால். நள்ளிரவுக்குப் பிறகு சாங்கியிலிருந்து ரயில் கிடையாது. டாக்சியில் இரவு 12 முதல் காலை 6 மணி வரை மீட்டருக்கு மேல் பாதி கூடுதல். விடிந்த பிறகு இறங்கினால் சுகம். ரயிலில் தமிழிலும் அறிவிப்பு வரும். 2019-ல் திறந்த 'ஜுவல்' கட்டடத்தில் 40 மீட்டர் உயரத்திலிருந்து கொட்டும் அருவியை, உடம்பு அசதி இல்லாததால் அம்மா அரை மணி நேரம் நின்று ரசித்தார்.

யாருக்கு எது?

இளம் வயதினர், கைப்பை மட்டும் உள்ளவர்கள், திருச்சி பக்கத்தில் இருப்பவர்கள்: சிக்கன விமானமே போதும்.

கைக்குழந்தைக்காரர்கள்: இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளலாம். முழு வசதி விமானங்களில் சுவரில் மாட்டும் தொட்டில் கேட்டுப் பெறலாம். சிக்கன விமானங்களில் பெரும்பாலும் கிடையாது.

கர்ப்பிணிகள்: பெரும்பாலான கம்பெனிகளில் 28 வாரம் கடந்தால் டாக்டர் சர்டிபிகேட் வேண்டும், 36 வாரத்துக்குப் பிறகு ஏற்றமாட்டார்கள். இரட்டைக் குழந்தை என்றால் 32 வாரத்தோடு சரி. இதில் இரண்டு ரகத்துக்கும் அதிக வித்தியாசமில்லை.

வியாதியுள்ள பெரியவர்கள், வழியில் விமானம் மாறுகிறவர்கள்: முழு வசதியே நல்லது. தனித்தனி டிக்கெட்டாக எடுத்தால் நடுவில் பெட்டியை வாங்கி மறுபடி போட வேண்டும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது உங்களுக்காகக் காத்திருக்காது.

எதில் போனாலும் கவனிக்க

மாத்திரை, இன்சுலின், டாக்டர் சீட்டு எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். அடியில் போகும் பெட்டியில் இன்சுலினைப் போட்டால் குளிரில் உறைந்து கெட்டுவிடக்கூடும். ஊறுகாய், எண்ணெய், நெய் பெட்டியில் போகட்டும். 100 மில்லிக்கு மேல் திரவம் கையில் கூடாது. குழந்தையின் பாலுக்கும் மருந்துக்கும் விலக்கு உண்டு. 'பவர் பேங்க்' கையில்தான் இருக்க வேண்டும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸிலும் ஸ்கூட்டிலும் 2025 ஏப்ரலிலிருந்து பறக்கும்போது அதை உபயோகிக்கவும் கூடாது. வெளிச் சாப்பாட்டைச் சில சிக்கன விமானங்களில் சாப்பிட விடுவதில்லை. ஆகவே சாப்பாட்டை முன்பதிவு செய்து, அவசரத்துக்குக் கொஞ்சம் மிட்டாயும் பிஸ்கட்டும் கைப்பையில் வையுங்கள். ஒரு சால்வையும் இருக்கட்டும், குளிரும். சிங்கப்பூர் வருகை அட்டையைப் போய்ச் சேரும் நாளையும் சேர்த்துக் கடைசி மூன்று நாட்களுக்குள் கணினியில் நிரப்ப வேண்டும். அரசாங்கத் தளத்தில் அது இலவசம், யாருக்கும் பணம் கட்ட வேண்டாம்.

உங்கள் தாயாரோ மாமியாரோ தனியாகக் கிளம்புகிறார் என்றால், டிக்கெட்டை எடுத்ததும் பக்கத்தில் உட்கார்ந்து நாலு விஷயம் நிதானமாகச் சொல்லுங்கள்: சாப்பாடு உண்டா இல்லையா, எத்தனை மணிக்கு மாத்திரை போடுவது, பணிப்பெண்ணைக் கூப்பிடும் மணி எங்கே இருக்கிறது, இறங்கியதும் யார் வந்து நிற்பார்கள். எட்டாயிரம் ரூபாய் டிக்கெட்டானாலும் பதினைந்தாயிரம் ரூபாய் டிக்கெட்டானாலும், இதை நாம்தான் சொல்லி அனுப்ப வேண்டும்.