ஆய்விலிருந்து வகுப்பறைக்கு

ஐந்தாம் வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளை, இரண்டாம் வகுப்பு நிலையிலுள்ள ஒரு சிறுகதையைப் படிக்க இயலாமல் தடுமாறுவது இந்தியக் கிராமங்களில் அரிய காட்சியன்று. ‘அசர்’ எனப்படும் கல்விநிலை அறிக்கை 2005ஆம் ஆண்டு முதல் வெளிவருகிறது. அதற்காகத் தன்னார்வலர்கள் வீடு வீடாகச் செல்கின்றனர். பிள்ளைகளின் கையில் ஒரே ஒரு தாளைக் கொடுத்துப் படிக்கச் சொல்கின்றனர். அத்தாளில் சில எழுத்துகள், சில சொற்கள், ஒரு சிறு பத்தி, ஒரு சிறுகதை ஆகியவை மட்டுமே இருக்கும். 2018ஆம் ஆண்டில் கிராமப்புற ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுள் ஏறத்தாழப் பாதிப்பேரே அக்கதையைப் படித்தனர். பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டுத் திறந்தபின், 2022இல் அவ்வளவு 42.8 விழுக்காடாகக் குறைந்தது.

எஞ்சிய பிள்ளைகளின் பள்ளி வாழ்வை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவர்கள் நாள்தோறும் பள்ளிக்கு வருகின்றனர். வருகைப் பதிவேட்டில் அவர்கள் பெயர் உள்ளது. மதிய உணவு உண்கின்றனர். கரும்பலகையில் எழுதப்பட்டதைப் பார்த்து எழுதவும் செய்கின்றனர். எழுதியதைப் படிக்கச் சொன்னால் தலைகுனிந்து நிற்கின்றனர். அவர்கள் அறிவில் குறைந்தவர்கள் அல்லர். வகுப்பறையில் நிகழும் பாடம், படிக்கத் தெரிந்த வேறொரு பிள்ளையை நோக்கிச் சொல்லப்படுகிறது, அவ்வளவே. ஓராண்டு பின்தங்கிய பிள்ளை மறு ஆண்டு இன்னும் ஓராண்டு பின்தங்குகிறது. எட்டாம் வகுப்பை எட்டும்போது அந்த இடைவெளியைத் தாண்டும் துணிவும் அதற்கு இருப்பதில்லை.

இதற்கு வழி தெரியாமல் இல்லை. வழி கண்டறியப்பட்டு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. அது வகுப்பறையை அடைவதற்குப் பட்ட பாடே இங்குச் சொல்லத்தக்கது.

குழந்தையின் தோழி

1990களின் நடுவில் மும்பையில் தோன்றிய பிரதம் என்னும் தன்னார்வ நிறுவனம், பின்தங்கிய பிள்ளைகளுக்கென ஓர் எளிய ஏற்பாட்டைச் செய்தது. அதே பகுதியைச் சேர்ந்த, உயர்நிலைக் கல்வி முடித்த இளம்பெண் ஒருவருக்கு இரு வாரப் பயிற்சி அளித்துப் பள்ளிக்கு அனுப்பியது. அவர் பெயர் ‘பால்சகி’. குழந்தையின் தோழி என்பது பொருள். மூன்றாம், நான்காம் வகுப்புகளில் பின்தங்கிய பதினைந்து இருபது பிள்ளைகளை அவர் தனியே அழைத்துச் சென்று, நாளுக்கு இரண்டு மணி நேரம் எழுத்தும் எண்ணும் கற்பித்தார். வகுப்புக்குரிய பாடத்தை அவர் தொடவில்லை. பிள்ளை நிற்கும் இடத்திலிருந்து தொடங்கினார்.

இது பயன் தருகிறதா என்பதை 2001 முதல் 2003 வரை மும்பையிலும் வடோதராவிலும் பொருளியல் அறிஞர்கள் ஆராய்ந்தனர். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ ஆகிய இருவரும் அக்குழுவில் இருந்தனர். பின்னர் 2019ஆம் ஆண்டுக்கான பொருளியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவருள் இவ்விருவரும் அடங்குவர். குலுக்கல் முறையில் சில பள்ளிகளின் மூன்றாம் வகுப்புக்கும், மற்றப் பள்ளிகளின் நான்காம் வகுப்புக்கும் பால்சகி அனுப்பப்பட்டார். இதனால் எந்தப் பள்ளியும் முற்றிலும் விடுபடவில்லை. ஒப்பிட்டுப் பார்க்கவும் இயன்றது. பால்சகி சென்ற வகுப்புகளின் மதிப்பெண் தெளிவாக உயர்ந்தது. அவ்வுயர்வு பெரும்பாலும் அவரிடம் படித்த பிள்ளைகளுடையதாகவே இருந்தது. மற்றவர்கள் வகுப்பறையிலேயே தங்கினர். கூட்டம் குறைந்தும் அவர்களிடம் பெரிய மாற்றம் இல்லை. வகுப்பில் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் குறைத்தாலே போதும் என்று கருதுவோர் இதைச் சற்று நின்று நோக்கலாம்.

பீகாரில் நிகழ்ந்தது

சான்று கிடைத்துவிட்டது. இனி அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு முறையைச் சொல்லிக் கொடுத்துவிட்டால் நாடெங்கும் பரவிவிடும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. அந்த எதிர்பார்ப்பு பீகாரின் மேற்குச் சம்பாரண் மாவட்டத்தில் சோதிக்கப்பட்டது.

2008ஆம் ஆண்டு கோடை விடுமுறையில் அரசுப் பள்ளி ஆசிரியர்களே பள்ளிக் கட்டடங்களில் ஒரு மாத முகாம் நடத்தினர். தன்னார்வலர்கள் துணை நின்றனர். குறுகிய காலமே ஆயினும் பிள்ளைகளின் படிப்பு முன்னேறியது. அதன்பின் பள்ளிகள் திறந்தன. சில பள்ளிகளுக்குக் கற்பித்தல் துணைப்பொருள்கள் மட்டும் வழங்கப்பட்டன. சிலவற்றில் ஆசிரியருக்குப் பயிற்சியும் சேர்த்து அளிக்கப்பட்டது. இன்னும் சிலவற்றுக்கு இவ்விரண்டோடு தன்னார்வலரும் கிடைத்தனர். பொருள் மட்டும் பெற்ற பள்ளிகளில் பயன் இல்லை. பயிற்சியும் பெற்ற பள்ளிகளிலும் பயன் இல்லை. தன்னார்வலர் பள்ளி நேரத்துக்குப் புறம்பே தனியாகக் கற்பித்த ஊர்களில் மட்டும் பிள்ளைகள் முன்னேறினர். உத்தராகண்டிலோ தன்னார்வலர்களைப் பள்ளிகள் வழக்கமான பாடங்களை நடத்தவே பயன்படுத்திக்கொண்டன; அங்கு அப்பயனும் கிட்டவில்லை.

கோடையில் வெற்றி பெற்ற ஆசிரியர் ஆண்டின் நடுவில் ஏன் தோற்றார்? மெத்தனம் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் கோடையில் உழைத்தவரும் அவரே ஆதலால், அவ்விளக்கம் பொருந்தாது. பயிற்சியை ஆசிரியர்கள் வெறுக்கவும் இல்லை. துணைப்பொருள்கள் பல பள்ளிகளில் பயன்படவே செய்தன. நடைபெறாமல் போனது ஒன்றே: பிள்ளைகளை அவரவர் கற்றல் நிலைக்கேற்பப் பிரித்து அமர்த்துதல். முறையின் உயிர்நிலை அதுவே.

கோடை முகாமில் முடிக்க வேண்டிய பாடப்பகுதி எதுவும் இல்லை. பிள்ளைக்குப் படிக்கக் கற்பிப்பதே ஆசிரியரின் ஒரே பணி. ஜூலை வந்ததும் பாடநூல் மேசைமேல் வந்து அமர்ந்துவிடுகிறது. எந்த மாதத்தில் எந்தப் பாடம் முடிந்திருக்க வேண்டும் என்பது எழுதப்பட்டிருக்கிறது. பள்ளியைப் பார்வையிட வரும் அலுவலர் அதையே கேட்கிறார். அந்நிலையில் ஐந்தாம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டு எழுத்துக் கற்பிக்கும் ஆசிரியர் தாம் கடமை தவறுவதாகவே உணர்வார். பின்னர் வந்த 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம்கூட இந்த இழுபறியைத் தீர்த்துவிடவில்லை. ஆசிரியரின் கடமைகளைக் கூறும் அதன் 24ஆம் பிரிவு, குறித்த காலத்துக்குள் பாடத்திட்டம் முழுவதையும் முடிக்க வேண்டும் என்கிறது. அடுத்த வரியிலேயே ஒவ்வொரு பிள்ளையின் கற்கும் திறனையும் மதிப்பிட்டு, வேண்டுவோர்க்குக் கூடுதலாகக் கற்பிக்க வேண்டும் என்கிறது. இரண்டும் நல்லவையே. ஒரே பாடவேளையில் இரண்டையும் செய்வது எங்ஙனம் என்பதை ஆசிரியரிடமே விட்டுவிட்டது.

அரியானாவின் ஒரு மணி நேரம்

பீகாரில் கிடைத்த பாடம் வீணாகவில்லை. 2012–13ஆம் கல்வியாண்டில் அரியானா அரசு 400 பள்ளிகளில் இம்முறையை மறுபடி சோதிக்க முன்வந்தது. குலுக்கலில் தேர்ந்த பாதிப் பள்ளிகளில் முறை செயற்படுத்தப்பட்டது. புதிய பாடநூல் எழுதப்படவில்லை. புதிய ஆசிரியரும் நியமிக்கப்படவில்லை. இரண்டு மாற்றங்களே செய்யப்பட்டன.

முதலாவது, நாளில் ஒரு மணி நேரம் இதற்கென ஒதுக்கப்பட்டது. அந்நேரத்தில் வகுப்பு என்னும் பிரிவு இல்லை. மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் தங்கள் அறையை விட்டு எழுந்து, தாங்கள் படிக்கும் நிலைக்குரிய அறைக்குச் செல்வர். எழுத்து அறியாதவர் ஓர் அறையில், சொல் படிப்பவர் மற்றோர் அறையில் என அமர்வர். பெரிய பிள்ளை சிறிய பிள்ளையின் அருகில் அமர்வது கூச்சத்தைத் தராதா என்ற ஐயம் எழலாம். அந்த இருக்கை நிலையானதன்று. எழுத்து கூடிவந்ததும் பிள்ளை அடுத்த குழுவுக்குச் செல்கிறது. மாறாக, ஆண்டு முழுவதும் எதுவும் புரியாமல் தன் வகுப்பிலேயே அமர்ந்திருப்பதில் உள்ள கூச்சமோ மாறுவதே இல்லை.

இரண்டாவது மாற்றம் இதனினும் நுட்பமானது. தமிழ்நாட்டின் வட்டார வளமைய ஆசிரியர் பயிற்றுநர்களைப் போல அரியானாவிலும் பள்ளிகளுக்குச் சென்றுவரும் கல்வி ஒருங்கிணைப்பாளர்கள் உண்டு. அவர்களுக்குச் சில நாள் பயிற்சி அளிக்கப்பட்டது. பயிற்சி முடிந்தவுடன் அவர்கள் ஆசிரியரைக் கண்காணிக்க அனுப்பப்படவில்லை. முதலில் தாமே வகுப்பறைக்குச் சென்று, பதினைந்து இருபது நாள்கள் பிள்ளைகளுக்கு இம்முறையில் கற்பித்தனர். எங்கே பிள்ளைகள் சோர்வர், எந்த விளையாட்டு அவர்களை ஈர்க்கும், எழுத்துக் குழுவில் எத்தனை நாளில் அசைவு தெரியும் என்பனவற்றைத் தம் கையாலேயே அறிந்தபின் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தனர். அவர்தம் பள்ளிகளுக்கும் சென்று துணைநின்றனர். படிவத்தை நிரப்பிக்கொண்டு போகும் அலுவலருக்கும், ‘எனக்கும் இந்த இடத்தில் சிக்கல் வந்தது’ என்று சொல்லி அருகில் அமர்பவருக்கும் உள்ள வேறுபாட்டை ஆசிரியர்கள் நன்கு அறிவர்.

ஆண்டின் இறுதியில் அப்பள்ளிகளில் பிள்ளைகளின் மொழித்திறன் ஒப்பீட்டுப் பள்ளிகளைவிட உயர்ந்திருந்தது. கணக்கில் உயர்வு இல்லை; ஒதுக்கிய நேரத்தில் மொழியே கற்பிக்கப்பட்டது. எதற்கு நேரம் தரப்பட்டதோ அது வளர்ந்தது. பெரும் புகழுரைகளைவிட இந்த எளிய முடிவு நம்பத்தக்கதாக உள்ளது. பீகாரிலும் உத்தராகண்டிலும் பயிற்சி பெற்றும் நிறைவேறாதது, அரியானாவின் அரசு ஆசிரியர்களால் பள்ளி நாளுக்குள்ளேயே நிறைவேறியது.

அரசு அமைப்பு இத்தகைய ஏற்பாட்டுக்கு முன்வராத இடங்களில் என் செய்வது? உத்தரப்பிரதேசத்தில் 2013–14இல் பிரதம் பணியாளர்களே, ஊர்த் தன்னார்வலர் துணையோடு, பள்ளி வளாகத்தில் பத்து இருபது நாள் முகாம்களை இடைவெளி விட்டு நடத்தினர். முன்னேற்றம் அரியானாவினும் மிகுதியாகவே இருந்தது. எனினும் முகாம் முடிந்ததும் பணியாளர் சென்றுவிடுவர். ஆண்டுதோறும் பிள்ளைகளோடு இருப்பவர் ஆசிரியரே.

தமிழ்நாட்டில்

கற்றல் நிலைக்கேற்பக் கற்பித்தல் தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. ஆந்திர மாநிலத்து ரிஷிவேலியில் ஊர்ப்புறச் சிறு பள்ளிகளுக்கென உருவான அட்டைவழிக் கற்றல் முறையைத் தழுவி, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் செயல்வழிக் கற்றல் தொடங்கிற்று. பின்னர் மாநிலம் முழுவதும் பரவியது. ஒவ்வொரு பிள்ளையும் ஏணிப்படியில் தன் படியை அறிந்து, தனக்குரிய அட்டையை எடுத்துக் கற்றது. பிள்ளைகளின் கைக்கு எட்டும்படி சுவரின் தாழ்ந்த பகுதியில் கரும்பலகை அமைந்தது. ஆசிரியர் அவர்களோடு பாயில் அமர்ந்தார்.

2022ஆம் ஆண்டு தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலையினராகக் கொள்ளப்படுகின்றனர். எந்தப் பிள்ளை எந்த நிலையில் உள்ளது என்பதை ஆசிரியரே மதிப்பிட்டு அறிகிறார். கல்வியாண்டின் தொடக்கத்தில் ஒரு பிள்ளையை அருகில் அழைத்து, ஒரு தாளைக் கொடுத்து, அது படிப்பதைச் செவிமடுத்துக் கேட்க ஐந்து மணித்துளிகள் போதும். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் அது மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஆகும். அந்த மூன்று மணி நேரத்தைக் கால அட்டவணையில் எழுதித் தருபவர் யார் என்பதே தலைமையாசிரியர் முன்னுள்ள முதல் வினா.