மாமாவின் வேன்

நெடுங்காலம் ஓடாமல் நின்ற வாகனத்தைப் புதுப்பிக்க முனைவோர் பெரும்பாலும் வண்ணப்பூச்சிலேயே தொடங்குகின்றனர். என் மாமா தொடங்கியது பிரேக்கில். அவருடையது சென்னையில் உருவான 'ஸ்டாண்டர்டு 20' வேன். பின்னிருக்கைகளைக் கழற்றிப் பலகைப் படுக்கையும் மண்ணெண்ணெய் அடுப்பும் அமைத்து, அதனை உருளும் இல்லமாகவே ஆக்கியிருந்தார்.

ஆண்டுக்கணக்கில் கொட்டகையில் கிடந்த அவ்வண்டியின் பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சியிருந்தது. அவ்வீரம் சக்கரச் சிலிண்டர்களை உள்ளிருந்தே அரித்திருந்தது. வெளியே அதன் சுவடே இல்லை. கார்புரேட்டரை அடைத்திருந்த பழைய பெட்ரோலின் பிசினை நீக்குவதோ ஒரு பகற்பொழுது வேலைதான்.

அந்நிறுவனத்தின் வாகன உற்பத்தி 1988-இல் நின்றுபோனமையால் உதிரிபாகம் கிடைப்பது அரிது. வேறு வண்டியின் சிலிண்டரைப் பொருத்தலாமா என்று மாமாவும் மெக்கானிக்கும் வாரக்கணக்கில் வழக்காடினர். ஏட்டில் சிதைந்த சீரை ஊகித்து நிரப்பத் தயங்கும் பதிப்பாசிரியரையே மாமாவிடம் கண்டேன். ஆயினும் என் வாக்கு மெக்கானிக்குக்கே. ஏடு மலைச்சரிவில் இறங்குவதில்லை அல்லவா! இறுதியில் இசைந்த மாமா, மாற்றியவற்றையெல்லாம் பாடவேறுபாடு போல ஒரு நோட்டில் குறித்துவைத்தார்.

ஐம்பது ஆண்டு கடந்த வாகனங்களைத் தொன்மை வாகனமெனப் பதிவுசெய்ய 2021-இல் விதி வந்தது. அவ்வாறு பதிந்தவற்றைக் கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் ஓட்டலாம், அன்றாடம் ஓட்டலாகாது. மாமா அதை விரும்பவில்லை. வண்டியை ஆய்வுக்குக் காட்டி, வழக்கமான ஐந்தாண்டுப் புதுப்பிப்பையே பெற்றார். ஏற்காட்டுப் பயணத்தில் சன்னலோரம் படுப்பது யாரென்று பேரப்பிள்ளைகளிடையே இன்னும் முடிவாகவில்லை.