குரங்குக்குப் போட்ட பூட்டு

குற்றாலத்தில் ஸீஸன் ஆரம்பித்துவிட்டதா என்று தென்காசிக்காரர்கள் பத்திரிகையில் பார்ப்பதில்லை. விசுவநாதர் கோயில் கோபுர வாசலில் வேட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள நேர்ந்தால் அருவியில் தண்ணீர் விழுகிறது என்று அர்த்தம். அந்தக் கோபுரமே ஒரு காலத்தில் நெருப்பில் சேதப்பட்டு, நெடுநாள் மொட்டையாக நின்று, 1990ல்தான் மறுபடி முழுசாக எழுந்தது. ஆனாலும் நெருப்பைப் பற்றி எங்கள் ஊரில் யாருக்கும் பெரிய பயம் கிடையாது. அதுதான் சாரல் இருக்கிறதே!

என் அத்தானுக்குக் குற்றாலம் ரஸ்தாவில் மூன்றடுக்கு வீடு. கீழே அவரும் அக்காவும். மேலே இரண்டு மாடியும் ஸீஸன் மாதங்களில் வாடகைக்கு. 'விடுதி' என்ற வார்த்தை அவருக்குப் பிடிக்காது. "தெரிஞ்சவங்க வந்து தங்குதாங்க" என்பார். எத்தனை தெரிந்தவர்கள் என்று பார்த்தால், ஆனி ஆடியில் மதுரை, விருதுநகர் ஜில்லாக்கள் பூராவும் அவருக்குத் தெரிந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

வீட்டுக்கு ஒரே மாடிப்படி. படிக்கு அடியில் மின்சார மீட்டர். அதை ஒட்டி இரண்டு மோட்டார் சைக்கிள், உபரி மெத்தைகள், ஒரு காலி சிலிண்டர். மொட்டைமாடி வாசலில் இரும்புக் கம்பிக் கதவு. அதில் ஒரு பெரிய பூட்டு. குற்றாலத்துக் குரங்குகளை அறிந்தவர்கள் அந்தப் பூட்டைக் குறை சொல்லமாட்டார்கள். சாவி அத்தானின் அரைஞாண் கயிற்றில்.

ஸீஸனுக்கு முன்னால் ஒரு நாள் தீயணைப்பு நிலைய அலுவலர் வந்தார். ஒல்லியான மனிதர், குரலை உயர்த்தாதவர். ஏப்ரல் 14ந் தேதியை ஒட்டி ஒரு வாரம் அவர்கள் வீடு வீடாகத் துண்டுப் பிரசுரம் கொடுப்பார்கள். 1944ல் அதே தேதியில் பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் வெடித்தபோது உயிர்விட்ட தீயணைப்பு வீரர்களின் ஞாபகார்த்தமாக நடக்கும் வாரம் அது. அப்போது கண்ணில் பட்ட மாடிப்படியை மறக்காமல் மறுபடி வந்திருந்தார்.

"அண்ணாச்சி, மேல பூட்டிக் கெடக்கே, சாவி எங்க?" என்று கேட்டார். அத்தான் இடுப்பைத் தட்டிக் காட்டினார். அவர் சிரிக்கவில்லை.

சட்டம் எப்படி என்று அவரே எனக்கு விளக்கினார். பலர் தங்கும் விடுதி என்றால் 1965ஆம் வருஷத்துப் பொதுக் கட்டிட உரிமச் சட்டப்படி தாசில்தாரிடம் உரிமம் வாங்க வேண்டும். தீயணைப்புத் துறை பார்த்துச் சான்று தரவேண்டும். வெறும் குடியிருப்பு என்றால் கதை வேறு. 2019ஆம் வருஷத்துக் கட்டிட விதிகளின்படி 18.30 மீட்டருக்கு மேல் உயர்ந்தால்தான் அது அடுக்குமாடி. அப்போதுதான் இவர்களுடைய தடையின்மைச் சான்று கட்டாயம். அத்தான் வீடு அதில் பாதிக்குச் சற்று மேலே. அதாவது, குடியிருப்பு என்று அத்தான் சாதித்துவிட்டால் அந்த அலுவலரிடம் மிஞ்சுகிற ஆயுதம் வாய் ஒன்றுதான். தென்காசியிலும் குற்றாலத்திலும் முக்கால்வாசி வீடுகள் அந்தப் பதினெட்டேகால் மீட்டருக்குக் கீழேதான் நிற்கின்றன. நெருப்புக்கு அளவுகோல் கிடையாது என்பதை விதி எழுதியவர்கள் அறியாதவர்கள் அல்ல. எங்கேயாவது ஒரு கோடு போட்டாக வேண்டும்; போட்டார்கள்.

அத்தான் என்னைப் பார்த்தார். "மாப்ளே, நீ எழுதுறவன்லா. ஒரு லெட்டர் எழுது" என்றார்.

எழுதினேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ரொம்ப நன்றாகவே எழுதினேன். 'மேற்படி இல்லம் முற்றிலும் குடியிருப்பு உபயோகத்துக்கானது. மேல்மாடியில் அவ்வப்போது தங்குவோர் உறவினரே. எண்ணிக்கை நால்வருக்கு மேற்படாது.' வாடகைக்குப் 'பராமரிப்புச் செலவு' என்று ஒரு பெயர் கண்டுபிடித்தேன். இருபது வருஷமாகக் கதை எழுதுகிறேன். இவ்வளவு சுருக்கமாக ஒரு பொய்யைச் சொன்னதில்லை.

அலுவலர் நின்றபடியே வாசித்தார். "நல்லா எழுதியிருக்கீங்க சார். காகிதம் சரி. நெருப்புக்கு இத யாரு வாசிச்சுக் காட்டுவா?" என்று சொல்லி, மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

பிறகு இரண்டு நாள் எனக்குக் கும்பகோணம் ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. 2004 ஜூலை 16. சமையல் கொட்டகையில் பற்றிய தீ கூரைக்குத் தாவி, ஒடுங்கிய படியை விட்டால் வேறு வழியில்லாத பள்ளிக்கூடத்தில் 94 குழந்தைகள். அதற்கு மூன்று வருஷத்துக்கு முன்னால் ஏர்வாடியில் சங்கிலியில் பிணைக்கப்பட்ட மனநோயாளிகள் 28 பேர். சங்கிலி போட்டவர்களும் பாதுகாப்புக்கு என்றுதான் சொல்லியிருப்பார்கள். இதெல்லாம் தெரிந்தும் நான் அந்தக் கடிதத்தைத் திரும்ப வாங்கவில்லை. அத்தான் மனசு நோகுமே!

ஆடி மாதம் ஒரு ராத்திரி. நானும் அங்கேதான் படுத்திருந்தேன். இரண்டு மணி இருக்கும். மாடியறைகளில் வெந்நீர்க் கருவி பொருத்தியிருந்தார் அத்தான். பழைய ஒயர் அந்தச் சுமையைத் தாங்கவில்லை. மீட்டர் பலகையில் பிடித்தது மெத்தைக்கு வந்தது. நெருப்பு பெரிசு இல்லை. புகைதான். படிக்கட்டு என்று நாம் சொல்வது புகைக்குப் போக்கி. ஒரு நிமிஷத்தில் அது மேல்மாடி வரை ஏறிவிட்டது. மேலே இருந்தவர்கள் கீழே வர முடியாமல் மொட்டைமாடிக்கு ஓடியிருக்கிறார்கள். அங்கே பூட்டு. கம்பிக் கதவை அவர்கள் உலுக்குகிற சத்தம் தெருவரை கேட்டது. சாவியோ தெருவில், இருமிக்கொண்டு நிற்கும் அத்தானின் இடுப்பில்.

வண்டி வந்தது. அதே அலுவலர். என்னைப் பார்த்ததும், "மேல நாலு பேருதானே சார்?" என்று கேட்டார்.

அவர் குத்திக் காட்டுவதற்காகக் கேட்கவில்லை. நாலு என்றால் நாலு பேரை இறக்கியதும் ஆட்கள் வெளியே வந்துவிடுவார்கள், கணக்குக்காகக் கேட்டார். நான் எழுதிக் கொடுத்ததை அவர் நம்பியிருந்தார், அல்லது வேறு கணக்கு அவரிடம் இல்லை.

"இல்லை, பதினொரு பேர்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டாந்தரம் கத்திச் சொன்னேன்.

வெளிப்பக்கமாக ஏணி வைத்து ஏறிப் பூட்டை வெட்டினார்கள். ஒவ்வொருவராக எண்ணி இறக்கினார்கள். ஒன்பதாவதாக ஒரு பாட்டி, ஒரு வீரரின் தோளில். பத்தாவது ஆள் பாட்டியின் பேரன். பதினோராவது ஆள் வரச் சற்று நேரமாயிற்று. குளியலறையில் ஈரத்துணியை முகத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு பெண். அவளும் வந்தாள். பேரன் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருமினான், வேறு சேதமில்லை.

கடிதத்தைப் பற்றி அந்த அலுவலர் அப்புறமும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

இப்போது மீட்டர் வீட்டின் முன்சுவருக்கு வந்துவிட்டது. வண்டிகள் முற்றத்தில் நனைகின்றன. தாசில்தாருக்கு விடுதி என்றே மனுப் போட்டாயிற்று. அதை அத்தான் தம் கைப்பட எழுதினார், என்னைக் கேட்கவில்லை. மொட்டைமாடிக் கதவில் பூட்டு இல்லை, உள்தாழ்ப்பாள் மட்டும். கம்பி வழியாகக் கைவிட்டு அதைத் திறக்கக் குரங்குகள் மூன்றே நாளில் கற்றுக்கொண்டன. காயப்போட்டிருந்த வடகம் பூராவும் போயிற்று. தாழ்ப்பாளுக்குப் பக்கத்தில் ஒரு தகடு அடிக்கச் சொல்லியிருக்கிறேன். அதுவரை, வடகத்துக்கு யார் பொறுப்பு என்று அக்கா என்னிடம்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.