கைம்பெண் என்று மட்டும் எழுதப்பட்டவர்



ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் என்னோடு பயின்ற தோழி ஒருவர் இன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் வாழ்கிறார். அவர்தம் கணவர் அயர்லாந்து வழியினர். சென்ற ஆண்டு முழுவதும் அவ்விருவரும் ஒரு மூதாட்டியைத் தேடினர். ஐந்து தலைமுறைகளுக்கு முன், கணவனை இழந்த பின் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அயர்லாந்திலிருந்து கப்பலேறி வந்தவர் அவர். குடும்பத்தாருக்குத் தெரிந்தவை 'மேரி' என்ற பெயரும் கணவர் வழிக் குடும்பப் பெயரும் மட்டுமே. தோழி எழுதிய மடல்களைப் படிக்கப் படிக்க, நம் பள்ளிகளுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு என்று உணர்ந்தேன்.

1845-ஆம் ஆண்டு அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. ஏழைகளுக்கு அதுவே அன்றாட உணவு. தொடர்ந்து வந்த பெரும்பஞ்சத்தில் ஏறத்தாழ 10 இலட்சம் பேர் மாண்டனர். அதற்கும் மேற்பட்டோர் நாட்டை விட்டு வெளியேறினர். கணவனைப் புதைத்த கையோடு பிள்ளைகளைத் தேற்றிக் கடல் கடந்த தாய்மார்களும் அவர்களுள் இருந்தனர்.

அவர்களைத் தேடுவோர்க்கு முதல் தடை ஏடுகளின் அழிவு. 1922-ஆம் ஆண்டு உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில் டப்ளின் நகரின் பொது ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. 1821 முதல் 1851 வரை எடுக்கப்பட்ட நான்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளின் ஏடுகளில் பெரும்பகுதி அதில் சாம்பலாயிற்று. 1861 முதல் 1891 வரையிலான ஏடுகளை அரசே முன்னர் அழித்துவிட்டது. நாடு முழுமைக்கும் இன்று எஞ்சியிருக்கும் பழைய கணக்கெடுப்பு 1901-ஆம் ஆண்டினுடையதே.

இரண்டாவது தடை, தேடப்படுபவர் பெண் என்பது. 1847 முதல் 1864 வரை வெளியான கிரிஃபித் நிலமதிப்பீட்டு ஏடு, வீட்டையோ நிலத்தையோ யார் பெயரில் வைத்திருந்தனர் என்பதை மட்டுமே பதிந்தது. கணவன் உயிரோடு இருந்தவரை மனைவிக்கு அதில் பெரும்பாலும் இடமில்லை. அவன் இறந்த பிறகே அவள் ஏட்டுக்குள் வருகிறாள். அப்போதும் சில வரிகளில், 'கைம்பெண்' என்ற சொல்லோடு கணவனின் குடும்பப் பெயர் மட்டுமே எழுதப்பட்டிருக்கும். அவளுக்குப் பெற்றோர் இட்ட பெயர் அங்கே இராது.

தோழியும் அவர் கணவரும் அயர்லாந்தில் தொடங்காமல் பாஸ்டனிலேயே தொடங்கினர். தேடுவோர் அனைவரும் பின்பற்ற வேண்டிய முறை அது. மூதாட்டி எங்கே இறந்தாரோ அங்கிருந்து பின்னோக்கிச் செல்ல வேண்டும். கப்பலின் பயணியர் பட்டியலில் பெயரும் வயதும் 'அயர்லாந்து' என்ற சொல்லும் மட்டுமே இருந்தன. எந்த ஊர் என்ற குறிப்பில்லை. ஆனால் மாசசூசெட்ஸ் மாநிலத்து இறப்புப் பதிவில் மூதாட்டியின் தந்தை பெயர் இருந்தது. அதன் வழியாக அவர் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர் கிடைத்தது. மூத்த மகனின் கல்லறைக் கல்லில் மாவட்டப் பெயரும் திருச்சபைப் பங்கின் பெயரும் செதுக்கப்பட்டிருந்தன.

அதன் பிறகே அவர்கள் அயர்லாந்தின் ஏடுகளைத் திறந்தனர். அந்நாட்டுத் தேசிய நூலகம் கத்தோலிக்கப் பங்குகளின் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளின் படிமங்களை 2015-ஆம் ஆண்டு முதல் இணையத்தில் இலவசமாக வழங்கி வருகிறது. குழந்தையின் ஞானஸ்நானப் பதிவில் தாயின் பிறந்த வீட்டுப் பெயரை எழுதுவது குருமார்களின் வழக்கம். ஞானத்தாய், ஞானத்தந்தை பெயர்களும் அருகில் இருக்கும். மங்கிய மையும் இலத்தீன் மொழியும் கொண்ட அந்தப் பக்கங்களில் நான்கு பிள்ளைகளின் பதிவுகள் ஒவ்வொன்றாய்க் கிடைத்தன. நான்கிலும் தாயின் பெயர் ஒன்றே. ஒரு குழந்தைக்கு ஞானத்தாயாக நின்றவருக்கும் அதே குடும்பப் பெயர். அவர் மூதாட்டியின் தங்கையாக இருக்கலாம் என்று தோழி எண்ணுகிறார். கிரிஃபித் ஏட்டில் அதே சிற்றூரில் ஒரு குடிசையும் சிறு தோட்டமும் 'கைம்பெண்' என்ற சொல்லின் கீழ் பதிவாகியிருந்தன. "அந்த ஒரு சொல்லுக்குள் நான்கு பிள்ளைகளின் தாய் ஒளிந்திருந்தார்" என்று தோழி எழுதியிருந்தார். அவ்வரியை நான் பலமுறை படித்தேன்.

புகழ்பெற்ற குடும்பங்களிலும் நிலை இதுவே. அமெரிக்க அதிபர் ஜான் கென்னடி 1963-ஆம் ஆண்டு ஜூன் மாதம் அயர்லாந்து சென்றபோது, வெக்ஸ்ஃபோர்ட் மாவட்டத்து டங்கன்ஸ்டவுனில் தம் கொள்ளுத்தாத்தா பேட்ரிக் கென்னடியின் பூர்விக இல்லத்தைக் கண்டார். உலகச் செய்தியாளர்களும் உடன் சென்றனர். அந்தப் பேட்ரிக் 1858-ஆம் ஆண்டு பாஸ்டனில் இறந்தபோது கடைசி மகனுக்கு ஒரு வயதுகூட நிறையவில்லை. நான்கு பிள்ளைகளையும் வளர்த்தவர் அவருடைய மனைவி பிரிட்ஜெட் மர்பி. அவர் உழைத்துக் கடை ஒன்றை நடத்தினார். அக்கடைசி மகனே பின்னாளில் மாநிலச் சட்டமன்ற உறுப்பினராகி அக்குடும்பத்தின் அரசியல் வாழ்வைத் தொடங்கிவைத்தார். பிரிட்ஜெட்டும் வெக்ஸ்ஃபோர்ட் மாவட்டத்தில் பிறந்தவர்தாம். கென்னடி என்ற பெயரை அறிந்தோருள் எத்தனை பேர் மர்பி என்ற பெயரை அறிவர்?

இனி நம் பக்கம் வருவோம். மலேசியாவில் வாழும் நம் பெண்களின் அடையாள அட்டையில், 'அனாக் பெரெம்புவான்' என்பதற்குப் பின் தந்தை பெயரே நிற்கிறது. மணமானாலும் கணவனை இழந்தாலும் அது மாறுவதில்லை. அயர்லாந்துப் பெண்கள் மணத்தோடு இழந்த பிறந்த வீட்டு அடையாளம் நம் பெண்களிடம் ஏட்டளவில் நிலைக்கிறது. ஆயினும் தாயின் பெயர் மகன் பெயரோடும் மகள் பெயரோடும் சேர்வதில்லை. ஒரு தலைமுறை கடந்தால் அவர் 'பாட்டி' ஆகிவிடுகிறார். குடும்ப மரம் வரையச் சொன்னால் தாத்தாவின் பெயரைத் தயங்காமல் எழுதும் மாணவர்கள், பாட்டியின் கட்டத்தில் 'பாட்டி' என்றே எழுதிக் கொண்டுவருவதை நான் ஆண்டுதோறும் காண்கிறேன். தோட்டப்புறத்தில் கணவனை இழந்த பின்னும் விடியற்காலையில் பால்மரம் சீவச் சென்று பிள்ளைகளைப் படிக்க வைத்த பாட்டிமார் நம்மில் பலருக்கு உண்டு. அவர்கள் பெயரும் இப்படியே மறைய வேண்டுமா?

அயர்லாந்தில் ஒரு பெயருக்காக நான்கு வகை ஏடுகளைப் புரட்ட வேண்டியிருந்தது. நமக்கோ, பாட்டி இன்னும் கூடத்தில் அமர்ந்திருக்கக்கூடும். பெற்றோர்களே, இந்த வாரமே கேட்டு எழுதிவையுங்கள். அவர்தம் முழுப் பெயர், அவருடைய தாயின் பெயர், பிறந்த ஊர் அல்லது தோட்டம், உடன்பிறந்தோர் பெயர்கள் ஆகியவை போதும். பிறப்புப் பத்திரங்களையும் பழைய அடையாள அட்டைகளையும் படமெடுத்து வையுங்கள். ஆசிரியர்களே, அடுத்த முறை குடும்ப மரப் பாடம் நடத்தும்போது பாட்டியின் கட்டத்தில் அவருடைய பெயரை எழுதிவரச் சொல்லுங்கள். பெயர் தெரியாத மாணவன் அன்று மாலை வீட்டில் கேட்பான். அந்தக் கேள்விக்காக எத்தனை ஆண்டுகள் அந்த மூதாட்டி காத்திருந்தாரோ!