அணிவகுப்பும் ஆட்டமும்

1934ஆம் ஆண்டு நூரம்பேர்க் நகரில் நடைபெற்ற நாஸிக் கட்சி மாநாட்டை லெனி றீபென்ஸ்ரால் படமாக்கினார். 1935இல் வெளிவந்த ‘சித்தத்தின் வெற்றி’ எனும் அப்படத்தில் தனிமனிதர் வரிசைகளுள் கரைந்துபோகின்றனர். ஆயிரமாயிரம் கால்கள் ஒன்றாக உயர்கின்றன, ஒன்றாகத் தாழ்கின்றன. காண்போர் உள்ளத்தில் அச்சத்தையும் பக்தியையும் ஒருங்கே விளைவிப்பதே அதன் நோக்கம்.

சில ஆண்டுகளின் பின், போர் நடந்துகொண்டிருந்தபோது, பிரித்தானியத் தகவல் அமைச்சைச் சேர்ந்த சாள்ஸ் றிட்லி அப்படத்தின் காட்சிகள் சிலவற்றை வெட்டியெடுத்து, முன்னும் பின்னுமாக ஓட்டி, ‘லம்பெத் நடை’ என்ற ஆடற்பாட்டின் இசையோடு இணைத்தார். காலை வீசி முன்னேறும் வீரர்கள் மறுகணமே பின்வாங்கித் துள்ளுகின்றனர். ஹிற்லரின் கையும் தாளத்துக்கு இசைகின்றது. லம்பெத், தென் இலண்டனில் உழைப்பாளர் வாழ்ந்த பகுதி. 1937இல் மேடையேறிய இசைநாடகமொன்றில், பிரபுக்களின் மாளிகைக்குள் நுழைந்த எளியவன் ஆடும் ஆட்டம் அது. ஐரோப்பாவை ஆள வந்த படை ஏழைத்தெருவின் தாளத்துக்கு ஆடியது.

உயிருள்ள மனிதன் இயந்திரம்போல இயங்கும்போது நகை பிறக்கிறது என்று பிரெஞ்சு மெய்யியலாளர் ஹென்றி பேர்க்சன் 1900இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். நூரம்பேர்க் அணிவகுப்பில் அந்த இயந்திரத்தன்மை முன்னரே இருந்தது. அச்சம் அதனை மறைத்திருந்தது. றிட்லியின் கத்தரிக்கோல் அத்திரையை விலக்கியது. பகைவர் பெருமையோடு பிடித்த காட்சிகளே அவரை நகைப்புக்கு இடமாக்கின.

ஆனால் இந்நகைக்கும் ஓர் எல்லை இருந்தது. 1942இல் மைக்கல் பவலும் எமெரிக் பிரெஸ்பேர்கரும் ‘கேணல் பிளிம்பின் வாழ்வும் மரணமும்’ என்ற படத்தை உருவாக்க முற்பட்டனர். பழைய எண்ணங்களில் உறைந்துபோன பிரித்தானியப் படை அதிகாரி ஒருவரை அது பரிவோடு கேலி செய்தது. பிரதமர் சேர்ச்சில் அதனைத் தடுக்க வழி தேடினார். பகைவரின் நடையைக் கண்டு நகைக்க இசைந்த அரசு, தன் படையைக் கண்டு பிறர் நகைப்பதை விரும்பவில்லை. எனினும் 1943இல் அப்படம் வெளியாயிற்று. நாஸி யேர்மனியில் இத்தகைய படமொன்றை எண்ணிப்பார்க்கவும் இயலாது.

கத்தரிக்கோலுக்கு மனச்சாட்சி இல்லை. எப்பக்கத்துப் பிரசாரத்துக்கும் அது பணிசெய்யும். றிட்லியின் படத்தைக் காண்போர் சிரிப்பது நியாயமே. சிரித்து ஓய்ந்தபின், தம் பக்கத்து அணிவகுப்பையும் அதே தாளத்தில் ஒருமுறை எண்ணிப்பார்க்கத் துணிவாராயின், அச்சிரிப்பு பிரசாரத்தின் பிடியிலிருந்து நீங்கி அவர்க்கே உரியதாகும்.